நல்லாப் பாருங்க சார்

சலவைக்கூடத்துச் சன்னல் வெயிலில் ஈரப் போர்வைகள் ஆவி விடுகின்றன. இஸ்திரி அக்கா கழுத்தில் தொங்கும் புது வேலை அனுமதி அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். விடுதிகளிலிருந்து அழுக்குத் துணி மலைமலையாக வந்து குவிகிறது. வெளுக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. அக்காவைப் போல வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சட்டம் தரும் வேலை அனுமதியோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அதனால்தான் முதலாளி அவளைத் திருட்டுத்தனமாக வேலைக்கு வைத்தார். அவளும் இத்தனை வருஷம் பின்கதவு வழியாகவே வந்துபோனாள். இந்த வருஷம்தான் அந்தச் சட்டம் தளர்ந்து அவளுக்கும் அட்டை கிடைத்தது. வாசலில் வண்டி உறுமி நிற்கிறது. சோதனை அதிகாரி இறங்குகிறார். அவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அவள் போர்வைக் குவியலுக்குப் பின்னால் பாய்ந்து ஒளிகிறாள். துணி மடிக்கும் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அக்கா, நீ எதுக்கு இன்னும் ஒளியுற?"

"அட, ஆமால்ல!"

தலையில் சிக்கிய தலையணை உறையோடு அவள் எழுந்து நிற்கிறாள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டுகிறார்.

"சரிம்மா, போய் வேலையப் பாருங்க."

அவள் கையை நீட்டவே இல்லை. முகமெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

"அதுக்குள்ளயா? இன்னும் நல்லாப் பாருங்க சார்!"