பாதி கடைந்த வால்வு

கணபதி என்ற ஊரில் உள்ள அந்தத் தொழிற்சாலையிடம் இதய வால்வு வேண்டுமென்று யாரும் எழுதிக் கேட்பதில்லை. நோயாளியின் நெஞ்சைத் திறந்து அளந்ததும், ஆஸ்பத்திரிக் கணினி அந்த அளவை நேராக இயந்திரத்துக்கு அனுப்பிவிடும். இயந்திரம் தானே கடைந்து கொடுக்கும். அதைக் கழுவிப் பெட்டியில் வைத்து அனுப்புவது பூங்கோதையின் வேலை.

அன்று திரையில் வந்தது அவள் கணவன் துரைக்கண்ணுவின் எண். காலையில் ஆஸ்பத்திரியில் அந்த எண் போட்ட பட்டையை அவன் மணிக்கட்டில் கட்டியபோது பக்கத்தில்தான் இருந்தாள்.

“இங்க உக்காந்து அழுது என்ன பண்ணப் போற? போயி என்னோடத நல்லாக் கழுவி அனுப்பு” என்று அவன்தான் அவளை விரட்டினான்.

“அண்ணனோடது எப்படி மின்னுது பாருக்கா” என்றாள் உடன் வேலை செய்யும் ரெஜினா.

அப்போது இயந்திரம் நின்றது. வால்வின் வளையம் பாதிதான் கடைந்திருந்தது.

“கரண்டு போயிருச்சா?” என்று கேட்டாள் பூங்கோதை.

மற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் ‘இனித் தேவையில்லை’ என்று வந்தது. அதன் கீழேயே அடுத்தவரின் எண்ணும் வந்துவிட்டது. பிடியில் இருப்பதை எடுத்தால்தான் இயந்திரம் அதைத் தொடங்கும்.

ரெஜினா அவள் தோளைப் பிடித்தாள். “நீ உக்காருக்கா. நான் பாத்துக்கறேன்.”

“வேண்டா. அங்க யாரையோ நெஞ்சத் தொறந்து போட்டு வெச்சிருக்காங்க.”

பூங்கோதை பாதி வால்வை எடுத்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது. புது உலோகத் துண்டை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

கழிவுத் தொட்டி காலடியிலேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிக் குழாயடிக்குப் போய், கையில் இருந்ததை நன்றாகக் கழுவினாள்.