மாடியில் ஒரு மஞ்சள் சேலை

விளாத்திகுளம் விமானத் தளத்தை வருடத்துக்கு ஒருமுறை வானிலிருந்து படமெடுப்பார்கள். ஊருக்குப் புதிய விமானிகள் அந்தப் படத்தை வைத்துத்தான் தளத்தை அடையாளம் காண்பார்கள். படத்தில் இருக்கும் ஓர் அடையாளம் தரையில் குறைந்தாலும் விமானம் இறங்க மறுத்துவிடும். போன முறை படமெடுத்த அன்று, தளத்தை ஒட்டிய வீட்டு மாடியில் முப்பிடாதி மஞ்சள் சேலை விரித்து வடகம் காயப்போட்டிருந்தாள். அன்றிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் தினம் சேலை விரிக்க வேண்டியதாயிற்று.

இன்று அவளுக்குக் காய்ச்சல். தலைக்கு மேலே விமானம் வட்டமடிக்க, போன் அடித்தது.

"அக்கா, இந்த வருசத்துப் படம் எடுக்க வந்திருக்கேன். சேலையக் காணோமே!"

கணவர் ஐயாத்துரை மாடிக்கு ஓடினார். சேலையை விரித்தால் காற்று தூக்கியது. கல் தேட நேரமில்லாமல் அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டார். விமானம் படமெடுத்துவிட்டு இறங்கியது.

மறுநாள் காலை வேறொரு விமானியின் போன்.

"அக்கா, சேலை இருக்கு. வழுக்கத்தலை அண்ணாச்சியத்தான் காணோம்!"

முப்பிடாதி சிரித்துக்கொண்டே கணவரின் வழுக்கையில் எண்ணெய் தடவிவிட்டாள்.

"ஒரு வருசம் நான் ஏறி எறங்கியாச்சு. இனி நீங்க போங்க. தலையில துண்டு மட்டும் கட்டிராதீக."