நூற்று நாற்பத்திரண்டு கிலோ

மருமகன் தனசீலன் போனை நீட்டினான். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, வேன் பெரம்பலூர் தாண்டிருச்சு. பாருங்க, புள்ளி நகருது."

"புள்ளிக்கென்னடா. யாரு வேணா வைக்கலாம்."

பதினெட்டு நாளாக இந்தப் புள்ளிதான் வீட்டை ஆட்டிவைத்தது. அரபு நாட்டு ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தது. லாரி ஏறியது. விமானம் ஏறியது. விடியற்காலை சென்னையில் இறங்கியது. போகிற இடமெல்லாம் ஒருவன் பெட்டியின் நம்பரைக் குத்த, இங்கே போன் கூவியது.

மகன் பாலகுரு கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்ததைச் சொன்னதும் அதே போன்தான்.

வாசற்படியில் செல்லாயி உட்கார்ந்திருந்தாள். பெற்றவள். சேதி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறும் இறங்கவில்லை. ஊர் பயந்துபோயிருந்தது.

புள்ளி சொன்ன நேரத்துக்கே வேன் வந்து நின்றது.

டிரைவர் தாளைக் காட்டினான். பெட்டி மேல் ஒட்டியிருந்த நம்பர், தாளில் அதே நம்பர், போனிலும் அதே நம்பர். பாலகுருவின் பெயர். பெட்டியோடு எடை நூற்று நாற்பத்திரண்டு கிலோ. திறக்கக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"எல்லாம் சரியா இருக்குங்க பெரியவரே."

கைநாட்டு வைத்தார்.

நாலு பேர் பிடித்தார்கள். தலைமாட்டுக்கு அவர் போனார். வேண்டாம் என்று தடுத்தவனை முறைத்தார்.

லாரி ஷெட்டில் நாற்பது வருஷம் மூட்டை ஏற்றிய தோள். அங்கே தராசு பொய் சொன்ன நாள் உண்டு. அப்போதெல்லாம் முதலாளி இவரைத்தான் கூப்பிடுவார்.

தூக்கினார்கள்.

அவர் நின்றுவிட்டார்.

நூற்றுப் பத்து. அதற்கு மேல் ஒரு குண்டுமணி கிடையாது.

பாலகுரு ஆளே தொண்ணூறு கிலோ. உள்ளே கிடப்பவன் யாரோ ஒல்லிப் பையன்.

"என்ன மாமா, கனமா இருக்கா?"

"இறக்குடா."

இறக்கினார்கள். டிரைவரைத் தோளில் கைபோட்டு வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்தப் பொட்டி கூட வேற பொட்டி வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சுங்க. திண்டிவனம் பக்கம். எங்க ஆளுதான் கொண்டுபோனான். இப்பத்தான் பேசினான், அடக்கம் முடிஞ்சு எல்லாரும் குளிச்சிட்டாங்களாம்."

அந்த வீட்டில் ஒருவனுக்கும் தோள் இல்லை போலிருக்கிறது.

இப்போது வாயைத் திறந்தால் போலீசு வரும். கலெக்டர் ஆபீசு. திண்டிவனத்தில் மண்ணைத் தோண்டுவார்கள். இங்கே பெட்டி திரும்ப வேன் ஏறும். திரும்பப் புள்ளி.

வாயைத் திறக்கத்தான் போனார். சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

வேனுக்கு அந்தப் பக்கம் செல்லாயி கத்தினாள்.

பெட்டி மேல் விழுந்து கிடந்தாள். பலகையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். பதினெட்டு நாள் அழுகை. பெண்கள் அவளைத் தூக்கவில்லை. அழட்டும், அழட்டும் என்றார்கள். ஒருத்தி சொம்பில் கஞ்சி கரைக்க உள்ளே ஓடினாள்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் பையன் பேரு என்னப்பா?"

"எந்தப் பையன்?"

"திண்டிவனத்துப் பையன்."

டிரைவர் தாள்களைப் புரட்டினான். "கவியரசன்."

பொழுது சாயும் முன்பே குழிக்குள் இறக்கினார்கள். அவர்கள் ஊர் வழக்கம், தகப்பன் மூன்று தரம் மகன் பேரைச் சொல்லி மண் போட வேண்டும்.

குனிந்து மண்ணை அள்ளினார். உதடு அசைந்தது. போட்டார். மறுபடி அசைந்தது. போட்டார்.

"சத்தமாச் சொல்லுங்க மாமா," என்றான் தனசீலன். "அத்தைக்குக் கேக்கணும்."