பின்விளக்கு

"இப்ப அழுத்து!"

"ம்."

எரியவில்லை. பல் டாக்டர் மூன்றாவது முறையாக ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

காருக்குப் பின்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பல்பைக் கழற்றி ஊதினார், ஒயரைத் துடைத்தார், மறுபடி திருகினார். பழைய விளக்குகளைப் பிடுங்கிப் போட்டுப் புதுசு மாட்ட அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடைவாய்ப் பல்லையே அசராமல் பிடுங்குகிற கை!

இண்டிகேட்டர் கண் சிமிட்டியது. ரிவர்ஸ் லைட் பளிச்சென்றது. பிரேக் லைட் மட்டும், இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாற்போல மௌனம் சாதித்தது.

"நல்லா அழுத்துறியா?"

"ம்."

பின்கண்ணாடி வழியே, டிரைவர் சீட்டில் இருந்த மனைவியின் கொண்டை மட்டும்தான் தெரிந்தது. ஐந்து நாளாக அவள் பேசுவது இந்த ஒரு எழுத்துதான்.

எல்லாம் அவள் அக்கா வீட்டு வாசலில் ஆரம்பித்தது. அவர் காரைப் பின்னால் எடுக்க, "நிறுத்துங்க, தூண் இருக்கு!" என்று அவள் பதறினாள். "வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? வாயை மூடிட்டு உக்காரு!" என்றார் அவர், வழியனுப்ப நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி. அடுத்த நொடி, தூணில் படார்; பின்விளக்கு தூள்.

அன்றைக்கு மூடிய வாய். ஊரார் வாயையெல்லாம் 'ஆ' காட்டச் சொல்லித் திறக்கிறவரால், இந்த ஒரு வாயைத் திறக்க முடியவில்லை.

"இப்ப?"

"ம்."

ம்ஹூம். சட்டையெல்லாம் கரி. ஒரு ஸ்குரூ உருண்டு காருக்கடியில் போய்விட்டது. டாக்டர் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு பம்பரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னால முடியலம்மா. நீ சொன்னதைக் கேட்டிருந்தா இந்த வேலையே வந்திருக்காது."

கையிலிருந்த கரியை வேட்டியைப் பார்க்காமல் சட்டையிலேயே துடைத்தார்.

"உங்க அக்கா, மாமா எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான். நாளைக்கு அவங்ககிட்டயும் போன் பண்ணிச் சொல்லிடறேன். மன்னிச்சுடும்மா."

அவர் தோளுக்கு இரண்டு பக்கமும் சிவப்பாக வெளிச்சம் பரவியது.

டாக்டர் துள்ளி எழுந்தார். "எரியுது! ரெண்டும் எரியுது! இவ்வளவு நேரம் என்னாச்சு இதுக்கு?"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கொண்டை மெல்லத் திரும்பியது.

"பிரேக்கை இப்பதாங்க அழுத்தறேன்."