முழுசாகப் படித்தவர்

"நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா சார்?"

சந்திரசேகரின் திருவெறும்பூர் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டார் வீரமலை. தொட்டியத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனிதர். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

அவர் வந்தது ஓர் ஆப் விஷயமாக. சந்திரசேகர் ஃபேக்டரி வேலை போக மீதி நேரத்தில் செய்த ஆப் அது. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் யாராவது ஒரு விவசாயி அதில் தட்டிவிட்டால் போதும், மற்ற எல்லோர் போனிலும் மணி அடிக்கும். மோட்டார் போட ஓடலாம். காசு கிடையாது. போனோடு வரும் ஸ்டோரில் அதை அவர் போடவில்லை. தன்னுடைய இணையப் பக்கத்தில் வைத்து, உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமையும் திறந்தே வைத்திருந்தார். யாரும் படிக்கலாம், யாரும் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்.

போன வாரம் வாழை விவசாயிகள் குரூப்பில் சந்திரசேகர் ஆப்பின் பெயரிலேயே 'புது ஆப்' என்று ஒரு லிங்க் வந்தது. வீரமலை போனில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் பேங்க் கணக்கு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"தார் வெட்டுன காசு சார். பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல கட்ட வெச்சிருந்தேன். நாளைக்குக் கடைசி நாளு. அவகிட்ட இன்னும் சொல்லலை."

"அது என் ஆப் இல்லைங்க. என்னுதைக் காப்பியடிச்சு உள்ளே திருட்டை வெச்சிருக்காங்க. திருச்சி சைபர் கிரைம்ல நானே புகார் கொடுத்திருக்கேன்."

கூட வந்த முருகானந்தம் தொட்டியத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். சும்மா விடுவாரா?

"எல்லாத்தையும் திறந்து போட்டா திருடன் வரத்தான் செய்வான். பூட்டி வெச்சிருக்கணும்."

"நாலு பேர் பாத்து சரியா தப்பான்னு சொல்லட்டும்னுதாங்க திறந்து வெச்சேன். உங்க மாதிரி ஆளுங்களை நம்பித்தான்."

"என்னையா?"

"இந்த லிங்க்குக் கீழ 'நான் உள்ளே பாத்துட்டேன், தைரியமா போடுங்க'ன்னு எழுதினது நீங்கதானே?"

வீரமலை மெதுவாகத் திரும்பினார். முருகானந்தம் தரையைப் பார்த்தார்.

"ஆறு வருஷமா உங்க ஆப் புதுசா வர்ற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் எழுதறேன். ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. வேற யாராச்சும் பாத்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

வீரமலை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை.

"ஆறு வருஷத்துல ஒருத்தர்கூடவா பாக்கலை?"

"ஒரே ஒருத்தர் பாத்தார்" என்றார் சந்திரசேகர். "போன மாசம் மெயில் போட்டிருந்தார். வரி விடாம படிச்சேன், ரொம்ப சுத்தமான வேலைன்னு. நான் கவனிக்காத ஒரு தப்பைக்கூட எடுத்துச் சொன்னார். சந்தோஷத்துல அன்னைக்கு வீட்ல பாயசம் வெச்சோம்."

வீரமலை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு தெரிஞ்சவரா? அவரைப் புடிச்சா திருடனைக் கண்டுபிடிச்சுக் கொடுப்பாரா சார்?"

சந்திரசேகர் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையிலதான் சைபர் கிரைம்ல சொன்னாங்க. அந்தத் திருட்டு ஆப்பைச் செஞ்சது அவர்தானாம்."