வாடகை மட்டை

"எங்கை, உம்மடை மட்டையளைக் காட்டும் பாப்பம், மயில்வாகனம்," என்றார் எஞ்சினியர் தில்லைநாதன்.

கிளிநொச்சி ஸ்ரேசனுக்குக் கோச்சி வர இன்னும் நேரமிருந்தது. என் தோளில் கோல்ப் பை. பக்கத்தில் என் மனுசி இரஞ்சிதம், நல்ல சேலை உடுத்து, ஒன்றுமறியாத முகத்தோடு நின்றாள்.

காட்டுகிறதுக்கென்ன! காட்டத்தானே தூக்கி வந்தது.

நுவரெலியாவில் வாடகைக்கே மட்டை எடுக்கலாமென்று எஞ்சினியர் முன்னமே சொன்னவர். இரஞ்சிதமும் ஒரு கிழமையாய் அதையேதான் சொன்னாள். நான் கேட்டால்தானே! கண்டவன் நின்றவன் பிடித்த மட்டையை நான் பிடிப்பேனா என்று, ஏதோ இங்கிலாந்தில் பிறந்தவன் மாதிரிக் கதைத்தேன்.

முன்பிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது தன் சாமான்களை ஏலத்தில் விட்டார். புத்தியுள்ள சனம் கதிரையும் அலுமாரியும் எடுத்தது. நான் இந்தப் பையை எடுத்தேன்.

அது என் வீட்டு விறாந்தையில் நின்றதைப் பார்த்துத்தான் தில்லைநாதன், "நீரும் ஆடுவீரோ?" என்று கேட்டார். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வந்ததா? "கொஞ்சம், சேர்," என்றேன். லீவுக்கு நாங்கள் இரஞ்சிதத்தின் தமக்கை வீட்டுக்கு நுவரெலியா போவது தெரிந்ததும், தானும் வருவதாகவும் ஒரு நாள் சேர்ந்து ஆடலாமென்றும் சொல்லிவிட்டார்.

எங்கள் கந்தோரில் எனக்கு மேலுள்ள பெரிய கிளாக்கர் தையோடு ஓய்வு பெறுகிறார். அந்தக் கதிரையில் யார் இருப்பதென்று மேலிடத்துக்கு எழுதுகிறவர் இந்த மனிசன்தான். இவருக்குப் பக்கத்தில் நின்று நான் பந்தை அடிக்கவேண்டும்.

பை அன்றைக்கு வழக்கத்தைவிடப் பாரம். கட்டி வைத்தவள் இரஞ்சிதம். பாரத்தையும் பெருமையென்று நினைத்துச் சுமந்து வந்த மடையன் நான்.

மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். எஞ்சினியர் கையை விட்டு ஒன்றை உருவினார்.

முருங்கைக்காய்.

எங்கள் வளவு முருங்கைக்காய், நல்ல முற்றல்.

அடுத்ததை உருவினார். அதுவும் அதுதான். ஆழக் கையை விட்டார். மொட்டைக்கறுப்பன் அரிசி, மிளகாய்த்தூள் போத்தல், பழஞ்சேலையில் சுற்றிய பாரைக் கருவாடு.

"மட்டை அங்கை வாடகைக்குக் கிடைக்குமாம் ஐயா. எங்கடை தூள் கிடைக்குமே?" என்றாள் இரஞ்சிதம்.

ஐயோ, நிலம் பிளக்காதோ என்றிருந்தது. எஞ்சினியர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். ஸ்ரேசனில் நின்ற சனமும் சேர்ந்து சிரித்தது. மட்டையைத் தானே வாடகைக்கு எடுத்துத் தருவதாகவும், கருவாட்டை மட்டும் பத்திரமாய்க் கொண்டுவரும்படியும் சொல்லிவிட்டு, கோச்சி வந்ததும் முதலாம் வகுப்பில் ஏறிக்கொண்டார்.

நாங்கள் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். மானத்தை வாங்கிப்போட்டாயே என்று முறிகண்டி ஸ்ரேசன் வரைக்கும் அவளை வைது தீர்த்தேன்.

பக்கத்திலிருந்தவர்கள் அங்கே இறங்கிய பிறகு, என் காதோடு குனிந்தாள்.

"ஆறு மாசமா விடியவெள்ளன எழும்பி, வெட்டின வயலுக்கை நிண்டு அடிக்கிறியள். ஒரு பந்தாவது தூரப் போய்த் துலைஞ்சுதே?"

ஒருவரும் பார்க்கவில்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

"வாடகை மட்டையெண்டால், பந்து படாட்டி மட்டையிலை பிழையெண்டு சொல்லலாம்," என்றாள். "சொந்த மட்டையெண்டால் ஆரைச் சொல்லுவியள்?"