நனையாத துண்டு

ஞாயிறுதோறும் அருவிப் பூங்காவுக்குக் குளிக்கப் போகும் கணவனின் துண்டு, நனையாமலே வீடு திரும்புவதை அவள் கவனித்துவிட்டாள்.

"துண்டு காஞ்சு கிடக்கு. தொண்டை மட்டும் எப்படிக் கட்டிக்கிச்சு?"

"அருவித் தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சு" என்று மழுப்பினான்.

அவள் நம்பவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"மாப்பிள்ளை தங்கமான மனுஷன்மா. வீணா சந்தேகப்படாதே" என்றார் அப்பா, கரகரத்த குரலில்.

"உங்க தொண்டைக்கு என்னப்பா?"

"சளிம்மா."

அடுத்த ஞாயிறு முக்காடு போட்டுக்கொண்டு கணவனைப் பின்தொடர்ந்தாள். குளிக்கிற கூட்டத்தை விட்டு விலகி, அருவி பேரிரைச்சலோடு விழும் பாறைப் பக்கம் அவன் போனான். எவளோ காத்திருக்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அங்கே ஒருத்தியும் இல்லை. தண்ணீரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடி! துணி காயப்போட எனக்குத் தெரியும்! எங்க அக்கா வந்தா ரெண்டு நாள் தங்கத்தான் செய்வா!"

வாரமெல்லாம் அவள் திட்டியதற்கு, வரிசை மாறாமல் பதில்.

அவன் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அதற்குள் பக்கத்துப் பாறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மாப்பிள்ளை! உங்க அத்தைக்கு நான் இன்னும் பாதிப் பதில்கூடச் சொல்லி முடிக்கல!"